அந்தோணியாரைக் காணோம்

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் பாதி நேரம் மெஷினைத் திறந்து பார்ப்பதில் போகும், மீதி நேரம் “நான் எதையும் தொடலைங்க” என்பதைக் கேட்டுக்கொண்டிருப்பதில் போகும்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் கம்ப்யூட்டர் வைத்திருந்து அவஸ்தைப்பட்ட புண்ணியவான்களே, உங்களுக்கு ‘ரீஸ்டோர் பாயிண்ட்’ என்று ஒன்று ஞாபகம் இருக்கும். மெஷின் நன்றாக இருக்கும் நாளில் தன் நிலைமையைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும். பிறகு ஏதாவது கோளாறு வந்தால், அந்த நல்ல நாளின் நிலைக்குத் திரும்பிப் போய்விடலாம். ஆனால் அவசரத்துக்குத் தேடிப் போனால் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அதெல்லாம் எங்கே போகிறது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் புதுச்சேரியில் என் வாடிக்கையாளர்கள்தான். நான் உழவர்கரையில் ஒரு சர்வீஸ் கடையில் வேலை பார்த்தேன். ஸ்கூட்டியில் போய் இறங்கினால், “ஏம்மா, மெக்கானிக் பின்னாடி வர்றாரா?” என்று தெருவை எட்டிப் பார்ப்பார்கள். நான்தான் மெக்கானிக் என்று நம்பவைத்த பிறகுதான் மெஷினுக்கு வைத்தியம்.

பெயர் சூட்டினோம்

குருசுக்குப்பத்தில் பிலோமினா அக்கா ஒரு டிடிபி கடை வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் எல்லாம் அங்கேதான். கணவர் வேலை பார்த்த மில் மூடிவிட்டதால் குடும்பம் அந்தக் கடையை நம்பி இருந்தது. கடையோ ஒரே ஒரு தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேரை நம்பி இருந்தது. அதை விற்ற கம்பெனி இழுத்து மூடிவிட்டுப் போய்விட்டது. சிடியாவது இருக்கிறதா என்று கேட்டேன். அது பளபளவென்று மின்னுவதைப் பார்த்து, இருட்டில் வண்டிக்காரர்களுக்குத் தெரியட்டும் என்று அவர் கணவர் சைக்கிள் மட்கார்டில் கட்டிவிட்டாராம். வெயில், மழை, உப்புக்காற்று எல்லாம் பார்த்துவிட்டது அந்த சிடி.

ஆக, மெஷினை ஃபார்மட் செய்தால் தமிழ் போச்சு, தமிழ் போனால் கடை போச்சு. டிஸ்கை அப்படியே நகலெடுக்க இன்னொரு டிஸ்க் வேண்டும், அதை அப்புறம் பார்க்கலாம் என்றார் அக்கா. மெஷின் நன்றாக இருக்கும்போதே கையால் ஒரு ரீஸ்டோர் பாயிண்ட் போட்டு வைப்போம் என்று உட்கார்ந்தேன். அதற்கு ஒரு பெயர் கொடு என்று திரை கேட்டது. ‘டெஸ்ட்’ என்று அடிக்கப் போனேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டார்.

“தொலைஞ்ச பொருளைத் தேடிக் குடுக்கறவரு அந்தோணியாரு. அவரு பேரப் போடு. டெஸ்டாம், டெஸ்டு!”

எழுந்து இடம் கொடுத்தவர்கள்

உழவர்கரையில் ஒரு ஸ்டுடியோக்காரர். கல்யாண வீடியோவையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி வெட்டி ஒட்டுவார். ஒருநாள் சவுண்டு வரவில்லை என்று கூப்பிட்டார். போன வாரத்துக்குத் திரும்பிப் போனால் சரியாகிவிடும் என்று ஜம்பமாகச் சொல்லிவிட்டுப் பார்த்தால், ஒரு பாயிண்ட்கூட இல்லை. டிஸ்கில் மூச்சுவிட இடமில்லாமல் வீடியோ அடைத்துக்கிடந்தது. இந்தப் பாயிண்ட்களுக்கு என்று டிஸ்கில் ஒரு பங்கு இடம்தான் உண்டு. அது நிரம்பினால் பழையது முதலில் வெளியேறும். டிஸ்கே நிரம்பி வழிந்தால் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு எக்ஸ்பி கையைத் தட்டிக்கொள்ளும்.

“கொஞ்சம் வீடியோவை அழிங்க சார், அதுங்களுக்கும் இடம் வேணும்ல” என்றேன். அவர் ரொம்ப நியாயமாக யோசித்துவிட்டுச் சொன்னார்:

“பொண்ணு வூட்டுக்காரங்களையும் எழுப்ப முடியாது, மாப்ள வூட்டுக்காரங்களையும் எழுப்ப முடியாதும்மா. உன் பாயிண்ட்டு யாருன்னே தெரியாத ஆளுங்க, அவங்கதான் எழுந்து எடம் குடுக்கணும்.”

சொல்தா ஐயாவின் துப்புரவு

அன்றைக்கே அக்கா கடைக்கு ஓடி, பாயிண்ட்களுக்கான இடத்தைக் கூட்டிவைத்தேன். அதற்குள் நான் அடுத்தடுத்துப் போட்ட பாயிண்ட்களாக, அந்தோணியாருக்குப் பக்கத்தில் சூசையப்பரும் சவேரியாரும் சேர்ந்திருந்தார்கள். எனக்குத் தெரிந்த சாமிகள் அய்யனாரும் மாரியாத்தாளும்தான். ஆனாலும் இவர்கள் மூவரையும் பார்த்தபோது நிம்மதியாக இருந்தது.

அக்கா கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சொல்தா ஐயா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். மகள் பிரான்ஸிலிருந்து அனுப்பிய கம்ப்யூட்டர் அவருடையது. அதில் ஏதோ கோளாறு என்று கூப்பிட்டார். திரையில் எல்லாமே பிரெஞ்சு, கீபோர்டில்கூட எழுத்துகள் இடம் மாறியிருக்கும். அவருக்கு பிரெஞ்சு தெரியும், கம்ப்யூட்டர் தெரியாது. எனக்கு நேர் எதிர். அவர் படிக்க, நான் குத்துமதிப்பாக அமுக்க, ஒருவழியாக ரீஸ்டோர் பாயிண்ட் பட்டியலைத் திறந்தோம். நேற்றைய தேதியில் ஒன்றே ஒன்று இருந்தது. விசாரித்தால், ஐயா தினமும் காலையில் சவரம் முடித்ததும் ‘டிஸ்க் க்ளீனப்’ ஓட்டுகிறாராம். அதன் உள்ளே போனால் கடைசிப் பாயிண்ட்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அழிக்கிற பட்டன் ஒன்று உண்டு. தேடிக் கண்டுபிடித்து அதையும் விடாமல் அமுக்கியிருக்கிறார். வேண்டாம் ஐயா என்று கெஞ்சினேன். முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

“மத்மசேல், கேளும்மா, பட்டாளத்துல கட்டிலுக்கு அடியில ஒரு தூசி இருந்தாலும் தண்டனை. எல்லாம் ப்ரோப்ரா, சுத்தமா இருக்கணும். கம்ப்யூட்டருக்கு மட்டும் என்னா சலுகை?”

வைரஸ் வேட்டை

என் சொந்தக் கிராமத்துத் திருவிழாவுக்கு நான் லீவில் போயிருந்த சமயம், அக்கா மெஷினில் வைரஸ் புகுந்துவிட்டது. எங்கள் கடையிலிருந்து முருகையன் போயிருக்கிறான். என்னோடு வேலை பார்த்தவன், கைச்சுத்தம், கைவேகம் இரண்டும் உண்டு. வேகம்தான் கொஞ்சம் கூடுதல். திரும்பி வந்து பார்த்தால் வைரஸும் இல்லை, புனிதர்களும் இல்லை. பட்டியலே காலி!

அவன்மேல் தப்பு சொல்லவும் முடியாது. ரீஸ்டோர் பாயிண்ட் இருக்கும் இடத்தில் வைரஸ் போய் ஒண்டிக்கொண்டால், வைரஸ் மருந்தால் அங்கே கை வைக்க முடியாது. அந்த வசதியையே ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். அணைத்தால் பழையது அத்தனையும் போய்விடும். இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனாலும் அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் ஸ்குரூடிரைவரை மேசைமேல் போட்டேன். அவன் பாவமாக விழித்தான்.

“நான் என்னா பண்ணட்டும் கலா? வைரஸு போயும் போயும் அந்தோணியாருக்குள்ளதான் ஒளிஞ்சிருந்துச்சி.”

அன்றைக்குக் காலையில்

விடுவேனா? மறுபடியும் அந்தோணியாரிலிருந்து ஆரம்பித்து மூவரையும் உட்காரவைத்தேன். அதன்பிறகு அக்கா, காரைக்காலில் இருக்கும் மகளின் பிரசவத்துக்காகக் கடையைப் பூட்டிவிட்டுப் போனார். இரட்டைக் குழந்தை, அதனால் மூன்று மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. திரும்பி வந்து கடை திறந்த அன்றே மத்தியானம் போன். “கலா, தமிழ் தெறக்கவே மாட்டேங்குதுடி. கருமாதிப் பத்திரிகை ஒண்ணு சாயங்காலம் குடுத்தாவணும்.” இத்தனை நாள் வருமானம் இல்லாத வீடு. இப்போது தமிழும் இல்லையென்றால் கடையைத் திறந்து என்ன பயன்?

போய்ப் பார்த்தேன். ஏதோ பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியைப் போட்டிருக்கிறார். மெஷினை வேகமாக்குகிறேன் என்று வந்த புரோகிராம், தமிழ் சாஃப்ட்வேரின் வேரையே குப்பை என்று நினைத்துப் பெருக்கிவிட்டது. பயப்படாதீங்க என்று சொல்லிவிட்டு ரீஸ்டோர் காலண்டரைத் திறந்தேன். அந்தோணியார் இல்லை. சூசையப்பர் இல்லை. சவேரியார் இல்லை. மூன்று மாதத்துக்கு மேல் பழசானதை எக்ஸ்பி வைத்துக்கொள்ளாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இடம் கொடுத்தேன், பெயர் வைத்தேன், வயதாகும் என்பதை மட்டும் யோசிக்கவே இல்லை.

காலண்டரில் ஒரே ஒரு தேதி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. அது அன்றைய தேதி. ‘சிஸ்டம் செக்பாயிண்ட்’, யாரும் சொல்லாமல் மெஷின் தானாகப் போட்டுக்கொண்டது. “காலையில மெஷினைப் போட்டுட்டு என்னாக்கா பண்ணீங்க?” என்றேன். “என்னா பண்ணேன், கடையைக் கூட்டிக் கழுவுனேன். அதுபாட்டுக்கு சும்மா கெடந்துச்சி. அப்பறந்தான் சிடி போட்டேன்” என்றார். சும்மா கிடந்த அந்த நேரத்தில்தான் அது பழையவர்களை அனுப்பிவிட்டு, புதிதாக ஒன்றைக் குறித்து வைத்திருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து அமுக்கினேன். திரையில் கோடு நகர நகர அக்கா ஜெபமாலையை உருட்டினார். மெஷின் அணைந்து எழுந்தது. தமிழ் திறந்தது. அக்கா ‘கண்ணீர் அஞ்சலி’ என்று அடித்தார். எழுத்து பிசகாமல் வந்தது. ‘கண்ணீர் அஞ்சலி’யைப் பார்த்து இரண்டு பேர் அப்படிச் சிரித்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நடந்ததை விளக்கினேன். பெயர் வைத்த மூவரும் போய்விட்டார்கள், பெயரில்லாத ஒன்றுதான் காப்பாற்றியது என்றேன். அக்காவுக்குக் கொஞ்சமும் ஆச்சரியமில்லை.

“பேரு தெரியாத புனிதருங்க எத்தனையோ பேரு மோட்சத்துல இருக்காங்கடி. அவங்களுக்கும் சேத்துதான சகல புனிதர் திருநாள்னு ஒண்ணு வெச்சிருக்கு!”

நான் காப்பாற்றியதாக ஊர் சொல்கிற மெஷின்களில் பாதி, நான் ஸ்கூட்டியை நிறுத்துவதற்குள் தம்மைத் தாமே காப்பாற்றிக்கொண்டவைதான்.