தம்பிக்குப் பின்னால் நின்ற மனச்சாட்சி

என் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஜெர்மனியில், கொலோன் நகரில் செயற்கைப் பல் செய்யும் இடத்தில் வேலை. கைகளால் ஜெர்மன் சைகைமொழி பேசுவான். எதிரே நின்று ஜெர்மனில் கதைத்தால் உதட்டைப் பார்த்து விளங்கிக்கொள்வான். தமிழ் கதைக்கும் உதடு அவனுக்கு விளங்காது. வீட்டில் ஒருவரும் பழக்கவில்லை.

இதை எங்கள் சனத்துக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. கல்யாணமோ பிறந்தநாளோ, எங்கே போனாலும் யாராவது ஒரு அக்கா அவன் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, மருமகளில் தொடங்கி மூலவியாதி வரைக்கும் சொல்லி முடிப்பார். அவன் தலையாட்டிக்கொண்டு ரோல்ஸ் சாப்பிடுவான். "உன்ரை தம்பியைப் போல பொறுமையாக் கேக்க ஒருத்தராலும் ஏலாது" என்று எனக்குப் பாராட்டு வேறு.

ஒருநாள் ஒரு பழைய அமெரிக்க நாவலின் ஜெர்மன் மொழிபெயர்ப்பை என் மூக்குக்கு முன்னால் ஆட்டினான். தெற்கில் ஒரு சிற்றூர். காது கேளாத, பேசாத ஒரு மனிதர். ஊரில் தனிமையில் கிடக்கிற ஆட்களெல்லாம் அவரிடம் வந்து மனதைக் கொட்டுகிறார்கள். அவர் யாரிடம் கொட்டுவது என்று ஒருவரும் யோசிப்பதில்லை.

"இது நான்தான்" என்று கையால் சொன்னான். "ரோல்ஸ் மட்டும்தான் இல்லை."

அதைப் படமாக எடுத்ததையும் பார்த்தோம். காது கேட்கிற நடிகர். இங்கே ஒரு அரங்கில் நாடகமாகப் போட்டார்கள். அங்கேயும் காது கேட்கிற ஆள்தான். அவர் கையை ஆட்டிய ஆட்டத்தில் தம்பி குலுங்கிச் சிரித்தான். என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "ஒன்றும் சொல்லவில்லை. மூக்கில் மொய்க்கிற இலையானைக் கலைக்கிறார்" என்றான். பக்கத்தில் கண்ணீர் துடைத்துக்கொண்டிருந்த ஜெர்மன்காரி எங்களை முறைத்தாள். முறைக்கட்டும்.

இந்தக் கதையை எங்கள் தமிழ்ச் சங்கத்தில் நாடகம் போடுகிற அண்ணையிடம் உளறியது நான்தான். அவருக்குப் பிடித்துவிட்டது. ஆண்டுவிழாவில் தமிழில் போடுவோம் என்றார். தம்பி உடனே என்னைப் பிடித்துக்கொண்டான். அந்த வேடம் தனக்கு வேண்டும், கடைசியில் கொஞ்ச நேரம் சைகையில் பேசவேண்டும், இந்தச் சனத்துக்கு முன்னால் ஒரு தரமாவது தான் சொல்ல அவர்கள் பார்க்கவேண்டும் என்றான்.

அண்ணை தலையைச் சொறிந்தார்.

"காது கேளாத பிள்ளைக்கு எப்ப மேடைக்கு வாறதெண்டு எப்பிடித் தெரியும்?"

"லைட்டைப் போட்டுக் காட்டுங்கோ. காதுதானே கேக்காது, கண் நல்லாத் தெரியும்."

"சனத்துக்கு விளங்காதே பிள்ளை."

"சனம் கதைக்கிறது அவனுக்கு இத்தனை வருசமா விளங்கேல்லை. செத்தா போனான்?"

வேடத்தைக் கொடுத்தார். ஆனால் அவருடைய நாடகத்தில் மனச்சாட்சி வராமல் இருக்காது. ராசா, கள்ளன், குடிகாரன், யாராக இருந்தாலும் பின்னால் வெள்ளை வெளிச்சத்தில் மனச்சாட்சி வந்து செந்தமிழில் முழங்கும். இந்த முறை பேசாத மனிதருக்கும் ஒரு மனச்சாட்சி. அது அண்ணையேதான். தம்பி கை அசைக்கும்போது அவர் பின்னால் நின்று பேசுவாராம்.

"அமெரிக்கனுக்கு வேட்டி கட்டின மனச்சாட்சியோ?" என்று கேட்டேன்.

"மனச்சாட்சிக்கு விசா தேவையில்லை, பிள்ளை."

வசனம் மூன்று பக்கம். தாய்மண், நிலவு, தனிமை என்று வரிசையாக இருந்தது. தம்பி சொல்ல நினைத்ததில் ஒரு சொல்கூட அதில் இல்லை. விலகிவிடு என்று தம்பியிடம் சொன்னேன். அவன் மாட்டேன் என்றான்.

விழா அன்று கடைசிக் காட்சி. தம்பி கைகளை உயர்த்தினான். பின்னால் வெளிச்சம் விழுந்தது. "தனிமையே!" என்று அண்ணை தொடங்கினார். மண்டபத்தில் இருந்த அத்தனை கண்ணும் தம்பியின் தோளுக்கு மேலால் போய்விட்டன. அவன் அதைக் கண்டான். திரும்பினான். மனச்சாட்சியின் கையைப் பிடித்து முன்னால் கூட்டிக்கொண்டு வந்து, நாடகம் முழுக்க ஊர்ச்சனம் வந்திருந்து புலம்பிய கதிரையில் இருத்தினான். தன் உதட்டில் விரலை வைத்து, பேசாதே என்று காட்டினான். பிறகு அவரைப் பார்த்துப் பேசத் தொடங்கினான்.

அம்மாவுக்குக் கையால் சாப்பிடு, வா, படு என்று மட்டும்தான் சொல்லத் தெரியும் என்றான். பக்கத்தில் இருந்து கதைக்கிறவர்களின் வாய் மீன்வாய் மாதிரி இருக்கும் என்றான். தலையாட்டாவிட்டால் எழும்பிப் போய்விடுவார்கள், அதனால்தான் ஆட்டுகிறேன் என்றான்.

அண்ணை முதலில் திரைப்பக்கம் பார்த்தார். ஓட வழியில்லை. மெல்லத் தலையாட்டத் தொடங்கினார். அசல் என் தம்பியைப் போலவே. யாரோ சிரித்தார்கள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

முடிந்ததும் எல்லாரும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள்.

"தம்பி என்ன சொன்னவன் பிள்ளை?"

"அங்கை நிக்கிறான். அவனைக் கேளுங்கோ."

"எனக்குக் கைப்பாசை தெரியாதே" என்றார் மூலவியாதி அக்கா.

"நீங்கள் கடையிலை சண்டை பிடிக்கிற ஜெர்மனே போதும். முகத்தைப் பாத்துக் கதையுங்கோ. அவன் கையாலை சொல்றதை நான் தமிழிலை சொல்லுறன்."

அவர் கதிரையை இழுத்தார். இந்த முறை பக்கத்தில் போடவில்லை, எதிரே போட்டார். இவ்வளவு காலமும் நான் சொன்னது ஒன்றுமே விளங்கவில்லையா என்று உடைந்த ஜெர்மனில் கேட்டார். ஒன்றும் விளங்கவில்லை என்று தம்பி தலையை அசைத்தான். அக்காவின் முகம் விழுந்தது. பிறகு அக்கம்பக்கம் பார்த்து, "நல்லதாப் போச்சு" என்று தமிழில் முணுமுணுத்தார்.

"சரி, நீ சொல்லு" என்றார் ஜெர்மனில்.

தம்பி ரோல்ஸ் தட்டைக் கீழே வைத்தான்.