ஆறடியில் ஊறிய தண்ணீர்

மலையடிவாரத்துப் பஞ்சாலையில் எனக்கு வேலை கிடைத்து, வள்ளியூருக்குத் தெற்கேயிருந்து மனைவியையும் நாலு வயது மகளையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தபோது, நாங்கள் குடியேறின இடம் வயலாகத்தான் இருந்தது. முந்தின போகத்தில்தான் அங்கே நெல் அறுத்திருந்தார்கள். ஆலைக்கு ஆள் வர வர, வயல்கள் வீட்டுமனைகளாகிக் கொண்டிருந்தன. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் வரப்பு அப்படியே கிடந்தது.

மேட்டில் ஒரு துண்டு மிச்சமிருந்தது. நான் பள்ளத்தையே கேட்டு வாங்கினேன். எங்கள் ஊர்ப்பக்கத்தில் பள்ளத்து நிலம் உள்ளவனே பாக்கியவான். அவன் கிணற்றில்தான் தண்ணீர் நிற்கும். அறுபதடி பாறையை உடைத்து, ஊறுகிற நாலு குடத்துக்குப் பத்துப் பெண்கள் காத்துக்கிடந்த ஊர் எங்களுடையது. இங்கே ஒரு சனிக்கிழமை மண்வெட்டியை எடுத்து ஆறடி தோண்டினேன். கால் நனைந்தது. அந்தச் சேற்றிலேயே முழங்கால் போட்டு அழுதேன். ஆண்டவர் எங்களைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் உபதேசியாரை அழைத்து வந்து கிணற்றடியில் ஜெபம் செய்தோம். எங்கள் ஊர் வழக்கப்படி முதல் குடத்தை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் அக்கம்பக்கத்தாருக்கு ஊற்றினோம். அவர்களும் எங்களைப் போலக் காய்ந்த சீமையிலிருந்து வந்தவர்கள்தான்.

"ஏலே, இங்கன தண்ணிய அகப்பையால மோந்துரலாம் போலிருக்கே!" என்று சிரித்தார் பக்கத்து வீட்டுக்காரர். "ஊர்ல கயிறு இழுத்து இழுத்தே எம் பொண்டாட்டிக்கு முதுகு வளைஞ்சு போச்சு."

"இது ஆண்டவர் குடுத்தது. யாரும் கேக்காமலே எடுங்க" என்றேன்.

அந்த வயலை முன்பு குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தவர், வயல் போனபின் எங்களுக்குப் பால் ஊற்றி வந்தார். என் மனைவி குடிதண்ணீர் எடுப்பதைப் பார்த்துவிட்டு அவர் செம்பைக் கீழே வைத்தார்.

"என்ன அண்ணாச்சி, இதையா குடிக்கிய?"

"ஏன், கெணத்துத் தண்ணிதானே?"

"கெணறா? நல்லாச் சொன்னிய! வயக்காட்டு ஊத்துல்லா இது. ஐப்பசி மழையில உம்ம கெணறு எது, வீடு எதுன்னே தெரியாது வே. கொஞ்சம் நடந்தா ஆறு. ஓடுத தண்ணி."

"ஊரே குளிச்சு, எருமையையும் குளிப்பாட்டி, அதையே மோந்து குடிக்கியளே. எங்க ஊர்ல மாட்டுக்குத்தான் ஓடுத தண்ணி."

"அப்பம் மாட்டுக்குக் குடுத்து வச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் பாலை ஊற்றினார்.

நானும் சிரித்தேன். எனக்குத் தெரிந்த ஓடுகிற தண்ணீர், மழைக்குப் பிறகு ஓடையில் வரும் செந்தண்ணீர்தான். நிற்கிற தண்ணீர் சுத்தம், ஓடுகிற தண்ணீர் அழுக்கு என்று பிறந்ததிலிருந்து பழகியிருந்தேன். ஆற்றுக்குப் போக வேண்டாம் என்று மனைவியிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

ஐப்பசி மழையில் தண்ணீர் கைக்கெட்டும் உயரத்துக்கு ஏறியது. இரண்டு நாள் கலங்கி, பிறகு தெளிந்தது. தெளிந்த தண்ணீரைப் பார்த்துத் துதி சொன்னேன். அந்த வாரமே மகளுக்குக் காய்ச்சல் கண்டது. அது இறங்கவேயில்லை, வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. "தண்ணி, தண்ணி" என்பாள். நான்தான் மடியில் தலையை வைத்து, சொட்டுச் சொட்டாகச் சங்கில் அல்ல, டம்ளரிலேயே ஊற்றினேன். நிறையக் குடித்தால் சூடு தணியும் என்று இன்னும் ஊற்றினேன்.

"பால்காரர் அன்னைக்குச் சொன்னாரே. நான் ஒரு குடம் ஆத்துத் தண்ணி கொண்டு வாரேனே" என்றாள் மனைவி.

"ஜெபம் பண்ணி எடுத்த தண்ணி. உனக்கு விசுவாசம் இல்லையா?" என்றேன். அவள் எடுத்த குடத்தைக் கீழே வைத்தாள்.

பன்னிரண்டாம் நாள் ஒரு வைத்தியரைக் கூட்டி வந்தேன். பிள்ளையின் நாக்கையும் வயிற்றையும் பார்த்துவிட்டு, குடிக்க எந்தத் தண்ணீர் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். கிணற்றைக் காட்டினேன். அவர் கிணற்றைப் பார்க்கவில்லை. அதற்கு மேலே மேட்டில் நெருக்கமாக இருந்த வீடுகளையும், அவற்றின் பின்னால் எல்லோரும் ஒதுங்குகிற இடத்தையும் பார்த்தார்.

"மழை பெய்ஞ்சா அதெல்லாம் எங்கன போவும்னு நெனைச்சிய?" என்றார்.

அவர் வந்து போன மூன்றாம் நாள் மத்தியானம், அவள் அம்மாவின் கையில் இருக்கும்போதே மூச்சு நின்றது.

அடக்கம் முடிந்து வந்ததும் மண்வெட்டியை எடுத்துக் கிணற்றைத் தூர்க்கப் போனேன். பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். அவர் மனைவி குடத்தோடு நின்றாள்.

"அண்ணாச்சி, துக்கத்துல செய்யாதிய. ஆத்துக்குப் போயிட்டு வாரதுக்குள்ள ஆலைச் சங்கு ஊதிரும். நாங்க எங்கன போவோம்?" என்றாள்.

"இந்தத் தண்ணிதான் எம் பிள்ளையக் கொன்னுச்சு" என்றேன்.

"அப்படிச் சொல்லாதிய. நீங்கதானே இது ஆண்டவர் குடுத்ததுன்னீய? பிள்ளைக்கு ஆயுசு அவ்வளவுதான். எம் பிள்ளைகளும் இதத்தானே குடிக்கி, நல்லாத்தானே இருக்கு?"

என் வாயால் சொன்னதை எடுத்து என்னிடமே கொடுத்தாள். காய்ச்சியாவது குடியுங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். சோறு பொங்கவே சுள்ளி கிடைக்காத இடத்தில் தண்ணீர் காய்ச்சுவதா என்று கேட்டார்கள். உடைமரத்து முள்ளை வெட்டிக் கிணற்றின் மேல் போட்டேன். மறுநாள் வேலை முடிந்து வந்தபோது முள் ஓரமாக இழுத்துப் போடப்பட்டிருந்தது. கிணற்றைச் சுற்றிக் குடம் வைத்த ஈரத் தடங்கள்.

என் மனைவி விடியலில் ஆற்றுக்குப் போய் இரண்டு குடம் கொண்டு வருவாள். அதில் ஒரு வாய் எனக்கு இறங்குவதில்லை. அவள் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நன்றாயிருக்கும்.

மார்கழிக்கு முன்னால் பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. நான் ஆற்றுத் தண்ணீரைச் செம்பில் எடுத்துக்கொண்டு ஓடினேன். பிள்ளையின் தகப்பனார் அதை வாங்கித் தரையில் வைத்துவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க ஜெபம் பண்ணுங்க அண்ணாச்சி. உங்க ஜெபத்துக்குத்தானே ஆறடியில தண்ணி வந்துச்சு" என்றார்.

பிள்ளையின் பாய்க்கருகில் முழங்கால் போட்டேன். எல்லோரும் கண்ணை மூடிக் காத்திருந்தார்கள். எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை.