பயிற்சிப் பகுதி நோயாளிகள்

இதைக் கதை என்று நினைப்பவர்கள் இங்கேயே மூடி வைத்துவிடலாம். நித்யாவுக்கு நடந்தது இது. போன கார்த்திகையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில். பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் வரும் என்று எவன் சொன்னானோ தெரியவில்லை. ஆஸ்பத்திரியின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். அவள் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறாள்.

திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. நித்யா அங்கே சர்வரைப் பார்த்துக்கொள்பவள். ஒரே பெரிய யுனிக்ஸ் சர்வர், உள்ளுக்குள் மூன்று பகுதிகளாகப் பிரித்திருக்கும். ஒன்று நோயாளிப் பதிவுக்கு, ஒன்று ரத்தப் பரிசோதனை லேபுக்கு, இன்னொன்று புது நர்ஸுகள் கம்ப்யூட்டர் பழகுவதற்கு. எந்தப் பகுதிக்கு வேலை அதிகமோ, அங்கே ப்ராசஸர்களை மாற்றிவிட வேண்டும். ஒரு வயலின் மடையை அடைத்து அடுத்த வயலுக்குத் தண்ணீர் திருப்புவது மாதிரிதான்.

அந்தப் பயிற்சிப் பகுதியை நினைத்தாலே அவளுக்குக் குமட்டும். பழகுவதற்குப் பொய் நோயாளிகள் வேண்டுமே? அவளுடைய மேலாளர் பெருமாள்ராஜ், இறந்துபோனவர்களின் பெயர்களையே அதில் ஏற்றி வைத்திருந்தான். உயிரோடு இருப்பவர் பெயரைப் போட்டால் வம்பு வரும் என்று அவனுக்குப் பயம். செத்தவர்களை நர்ஸுகள் படுக்கையில் சேர்ப்பார்கள், ரத்தம் எடுத்ததாகப் போடுவார்கள், வெளியே அனுப்புவார்கள். மறுநாள் மறுபடியும் சேர்ப்பார்கள். "செத்தவங்க வந்து சண்டையா போடப் போறாவ?" என்று அவன் பல்லைக் காட்டுவான். அசிங்கம் பிடித்த வேலை. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்த நித்யாவுக்கும் அதில் பங்கு உண்டு, சும்மா சொல்லக்கூடாது.

அப்போது ஊரெல்லாம் டெங்கு. ஸ்ரீவைகுண்டத்தில் வாழை இலை அறுக்கப் போகும் அவள் அம்மா இசக்கியம்மாவும் அதே ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், ஈறில் ரத்தம் கசியக் கிடந்தாள்.

பகல் 2.10. லேபிலிருந்து கலைச்செல்வி போன் செய்தாள்.

"ஏட்டி, ரிப்போர்ட் ஒண்ணும் வரமாட்டுக்கு. அறுபது குழாய் கிடக்கு. மேல வெறும் பார்கோடுதான். எது யாரு ரத்தம்னு கம்ப்யூட்டர் சொன்னாத்தான தெரியும்?"

"எங்கம்மாவோடது?"

"அதுவும் இதுக்குள்ளதான் கிடக்கு. ரத்தத்துல தட்டணு, அதான் பிளேட்லெட், எவ்வளவுன்னு தெரியாம டாக்டர் ஏத்த மாட்டேங்காரு. சீக்கிரம் பாருட்டி."

நித்யா போனை வைத்தாள். வியாழக்கிழமை பயிற்சிக்காக, லேபுக்கு இருந்த நாலு ப்ராசஸரில் மூன்றைப் பிடுங்கி அந்தப் பகுதிக்குக் கொடுத்தவள் அவளேதான். திருப்பிப் போட மறந்திருந்தாள். அம்மாவின் உயிர் இப்போது அந்த மறதியில் தொங்கிக்கொண்டிருந்தது.

2.18. சர்வர் அறைக் கதவைத் திறந்தாள். நாற்றம் முகத்தில் அடித்தது. எலி செத்துக் கிடக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். எலி நாற்றம் இப்படி இனிப்பாக இருக்காது... புண்ணுக்குப் போட்ட கட்டைப் பத்து நாள் கழித்துப் பிரித்தால் வருமே, அது.

துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கட்டளை கொடுத்தாள். முதல் ப்ராசஸர் லேபுக்குப் போனது. 2.24.

இரண்டாவது. அதற்கு எட்டு நிமிடம் பிடித்தது.

மூன்றாவது வரவில்லை. பயிற்சிப் பகுதி வேலையில் இருக்கிறது, தர முடியாது என்றது திரை.

ஞாயிற்றுக்கிழமை அங்கே யாருக்கு என்ன வேலை? திரையில் அந்தப் பகுதிக்குள் போய்ப் பார்த்தாள். நூறு சதவீதம் ஓட்டம். ஓடுவது நோயாளி சேர்க்கைப் படிவம். ஓட்டுபவர் பெயர் இருக்க வேண்டிய இடம்... காலி.

டக்... டக்... டக்...

எங்கோ விசைப்பலகை தட்டும் சத்தம். அவள் கை மடியில் இருந்தது. அந்த அறையில் வேறு விசைப்பலகை கிடையாது.

சத்தம் தரைக்கு அடியிலிருந்து வந்தது.

உயர்த்திப் போட்ட தரைப் பலகைகளில், அடியிலிருந்து குளிர்காற்று வருவதற்கு ஓட்டைகள் உண்டு. இப்போது அதில் வந்த காற்று சூடாக இருந்தது. ஈரமாக இருந்தது. யாரோ வாயைத் திறந்து மூச்சு விடுவது மாதிரி...

2.39. விசைகளில் கை வைத்தாள். பிசுபிசுத்தது.

கையைத் தூக்கினாள். மஞ்சள் நீர்.

அதோடு ஒரு நரைமுடி. நீளமாக. அடியில் தோலோடு.

சீ...

குப்பைக்கூடையில் வாந்தி எடுத்தாள். தட்டும் சத்தம் வேகமானது.

டக்டக்டக்டக்...

"எங்கம்மா," என்றாள். யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. அந்த வழவழப்பின் மேலேயே விரல் வைத்து, 'வலுக்கட்டாயமாக எடு' என்ற கட்டளையை அழுத்தினாள்.

2.41.

சத்தம் நின்றது.

2.43க்கு லேபில் பிரிண்டர் ஓடத் தொடங்கியது. இசக்கியம்மாவுக்குத் தட்டணு பதினோராயிரம். மூன்றரைக்குள் ஏற்றிவிட்டார்கள். பிழைத்துக்கொண்டாள். ஊழியர்கள் தரைப் பலகைகளைப் பெயர்த்துப் பார்த்தார்கள். கேபிள்களும் தூசியும் தவிர ஒன்றும் இல்லை. நித்யா மட்டும் நாலு நாள் எதைத் தின்றாலும் கக்கினாள், எத்தனை முறை சோப்புப் போட்டும் விரலில் அந்த வாடை போகவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் சொல்லவே மாட்டேன்.

அடுத்த வாரம் பயிற்சிப் பகுதியை மூடுவதற்கு முன் அதன் நோயாளிப் பட்டியலைத் திறந்தாள். எல்லாம் பழைய பெயர்கள், எல்லாரும் செத்தவர்கள். கடைசியில் மூன்று புதுப் பெயர்கள். ஞாயிறு மதியம் 2.20க்கு ஒன்று, 2.30க்கு ஒன்று. ஏற்றியபோது இருவரும் மூன்றாவது மாடியில் உயிரோடு இருந்தவர்கள். வெளியேறும் நேரம் 5.15, 8.50 என்று போட்டுத் தேதியும் போட்டிருந்தது. இருவரும் அன்றைக்கே, அந்தந்த நேரத்திலேயே இறந்திருந்தார்கள்.

மூன்றாவது, 2.39க்கு ஏற்றியது. இசக்கியம்மா, வயது 56. படுக்கை எண்ணும் சரியாக இருந்தது. வெளியேறும் நேரம், மாலை 6.40.

தேதிக் கட்டம் காலி.

பெருமாள்ராஜிடம் காட்டினாள். அவன் பல்லைக் காட்டவில்லை. அன்றைக்கே அந்தப் பகுதியை அழித்துவிட்டார்கள்.

இசக்கியம்மா இப்போது நன்றாக இருக்கிறாள், இலை அறுக்கவும் போகிறாள். நித்யாதான் தினமும் மாலை 6.39க்குப் போன் போடுகிறாள். 6.41 வரை அம்மாவை வைக்கவிடுவதில்லை.