இலந்தை மரத்தடியில் மான் இல்லை என்றேன்

சில வருடங்களுக்கு முன்பு, குளிர் குறையத் தொடங்கிய மாசி மாதத்தில் நடந்தது இது. அப்போது நான் அமீரகத்தில், அல் ஐனிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளியிருந்த ஒரு பண்ணை வீட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சொந்த ஊர் இலங்கையில் பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். வீட்டு வேலைக்கென்றுதான் விசா எடுத்தார்கள். போய்ச் சேர்ந்த பிறகு, அந்த வீட்டுப் பெரியவரைப் பார்த்துக்கொள்வதே என் முழு வேலையாகிவிட்டது.

அவரை நான் 'பாபா' என்று கூப்பிடுவேன். எண்பதைத் தாண்டியவர். பக்கவாதத்தில் ஒரு கால் விழுந்துபோய் சக்கர நாற்காலியில் இருந்தார். சர்க்கரை நோய் கண்ணையும் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. வெளிச்சம் எது, நிழல் எது என்று தெரியும். எதிரே நிற்பது மகனா வேலைக்காரனா என்று தெரியாது. குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். அவர் பேசுகிற அரபியில் பாதிதான் எனக்குப் புரியும். என்னுடையது சமையலறை அரபி. ஆனாலும் எங்களுக்குள் எப்படியோ பேச்சு ஓடியது.

அந்தப் பண்ணையில் வேலி போட்ட பெரிய நிலம் ஒன்று இருந்தது. அதில் புள்ளிமான்கள் வளர்த்தார்கள். கூட்டம் பெருகினால் மேய்ச்சல் போதாது என்பதால், குளிர்காலத்து வெள்ளிக்கிழமைகளில் வயதான ஆண் மான்களை மட்டும் சுடுவது அவர்கள் வழக்கம். அதற்கு அனுமதியும் வைத்திருந்தார்கள். வெயில் ஏறத் தொடங்கினால் துப்பாக்கியைத் துடைத்து உள்ளே வைத்துவிடுவார்கள். நான் சொல்வது அந்தப் பருவத்தின் கடைசி வாரங்கள்.

பருவத்தின் தொடக்கத்தில் மான்கள் தீவனத் தொட்டிக்கே வந்து நிற்கும். நாலைந்து வாரம் வெடிச் சத்தம் கேட்ட பிறகு பகலில் கண்ணிலேயே படாது. எங்கே படுக்கிறது, எங்கே மேய்கிறது என்று தடம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதில் பாபா ஒரு காலத்தில் பெரிய ஆளாம். நாற்காலியோடு முடங்கிய பிறகும், "எங்கே உட்காருவது என்று பாபாவைக் கேள்" என்பதுதான் அந்த வீட்டில் பேச்சு. வியாழக்கிழமை மாலை மகன்கள் இருவரும் வந்து காலடியில் உட்கார்ந்து கேட்பார்கள். அந்த ஒரு மாலைக்காகத்தான் அவர் வாரம் முழுக்க உயிரோடு இருக்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

கண் தெரியாதவர் எப்படித் தடம் பார்ப்பார்? அதற்குத்தான் நான். தினமும் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் டிராக்டர் போகிற பாதையில் அவரைத் தள்ளிக்கொண்டு போவேன். அவர் கேட்பார், நான் பார்த்துச் சொல்வேன். குளம்புத் தடத்தின் ஓரம் கூராக இருக்கிறதா, காற்றில் மழுங்கியிருக்கிறதா? மரத்தில் எவ்வளவு உயரம் வரை இலையைக் காணோம்? பட்டை உரிந்திருந்தால் அந்த இடம் பச்சையா, காய்ந்துவிட்டதா?

அந்த மரங்கள் எனக்குப் புதிது. வீட்டு டிரைவர் சிவகங்கைப் பக்கத்துத் தம்பி. அவன்தான் ஒருநாள் சொன்னான். "அக்கா, அது வன்னி மரம், நம்ம கோயில்ல இருக்குமே அதேதான். அந்தா நிக்கிறது எலந்த. இங்க வேற பேரு சொல்றாய்ங்க, அம்புட்டுத்தான்."

அந்த இலந்தை மரம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். குளிர்காலக் கடைசியில் புல் காய்ந்துபோகும்போது இலந்தை பழுத்து உதிரும். மான்கள் பழத்தை அப்படியே விழுங்கிவிட்டு, மறைவாகப் போய்ப் படுத்து அசைபோடும்போது கொட்டையை மட்டும் துப்பிவிடும். கழுவிக் கொட்டியதுபோல் ஒரு சின்னக் குவியலாகக் கிடக்கும். அதைக் கையில் அள்ளிக்கொண்டு போய்க் கொடுத்தால் பாபா விரலால் உருட்டிப் பார்ப்பார். சில சமயம் மூக்குக்குக் கொண்டுபோவார். "இன்று காலை" என்பார், அல்லது "பழசு, போட்டுவிடு" என்பார்.

காது கிழிந்த ஒரு கொம்பு மான் தினமும் அந்த இலந்தைக்கு வரும். முதலில் எங்களைக் கண்டதும் ஓடியது. போகப் போக ஓடவில்லை. நாற்காலிச் சக்கரம் கிரீச்சிடும், நான் தமிழும் அரபியுமாக ஏதாவது பேசிக்கொண்டே தள்ளுவேன். அது தலையைத் தூக்கிப் பார்க்கும், மறுபடி குனிந்து பழம் பொறுக்கும். எனக்கு அதைப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம். பாபாவிடம் சிரித்துக்கொண்டே சொல்வேன், அவரும் சிரிப்பார்.

ஒரு வியாழக்கிழமை அவர் மகன்களிடம் இலந்தை மரத்தைச் சொன்னார். மறுநாள் மாலை பாபாவும் வர வேண்டும் என்று பெரிய மகன் ஆசைப்பட்டதால், வழக்கம்போல் நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். மகன்கள் கொஞ்சம் தள்ளி மறைவில் உட்கார்ந்திருந்தார்கள். மான் வந்தது. சக்கரச் சத்தம் கேட்டது, என் குரல் கேட்டது. நாங்கள்தான் என்று நிம்மதியாக நின்றது. அடுத்த நொடி வெடித்தது.

விழுந்தும் சாகவில்லை. எழுந்து ஓடி வேலியில் மோதிக் கத்தியது. இரண்டாவது முறை சுட்ட பிறகுதான் அடங்கியது. பாபா தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அன்றைக்கு எல்லோருக்கும் கறிச்சோறு. டிரைவர் தம்பி எனக்கும் ஒரு தட்டு கொண்டுவந்தான். என்னால் தொட முடியவில்லை.

"என்னோட சத்தத்துக்குத்தானே தம்பி அது நின்னுச்சு" என்றேன்.

"வளக்குறவுக சுடுறாக. நம்ம என்னக்கா பண்ண முடியும்?" என்றான்.

ஆனால் நான் பண்ணினேன். அடுத்த வாரம் இலந்தை மரத்தடியில் வேறு இரண்டு கொம்பு மான்கள் மேயத் தொடங்கியிருந்தன. பாபா கேட்டபோது தடமே இல்லை என்றேன். மான்களெல்லாம் வடக்கே, தண்ணீர் மோட்டார் பக்கம் போய்விட்டன என்றேன். நம்ப வேண்டுமே என்பதற்காக, காலடியில் கிடந்த பழைய இலந்தைக் கொட்டைகளைப் பொறுக்கி, குடிக்கிற பாட்டில் தண்ணீரால் நனைத்து, காலையில் வடக்கே கிடைத்தது என்று அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் உருட்டினார், முகர்ந்தார். கீழே போட்டார். வியாழக்கிழமை மகன்களிடம், "இலந்தைப் பக்கம் ஒன்றும் இல்லை, வடக்கே உட்காருங்கள்" என்று சொல்லிவிட்டார்.

வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். அதற்கடுத்த வெள்ளியும் அப்படித்தான். இரண்டாம் தடவை சின்ன மகன் விருந்தாளிகள் முன்னாலேயே ஏதோ கேலி பேசினான். முழுதாகப் புரியாவிட்டாலும் 'கிழவர்' என்ற சொல் புரிந்தது. பாபாவும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார். மான் பிழைத்தால் போதும், ஒரு கேலியில் என்ன வந்துவிடப்போகிறது என்று என் மனதைத் தேற்றிக்கொண்டேன். டிரைவர் தம்பியிடம் சொன்னபோது அவன் பதறிப்போனான்.

"அக்கா, வெளையாடாதீங்க. கண்ணு தெரியாத மனுசன ஏமாத்துறது பாவம். தெரிஞ்சா அடுத்த ஃபிளைட்ல ஏத்திருவாய்ங்க."

பயமாகத்தான் இருந்தது. ஊரில் என் மகள் படித்துக்கொண்டிருந்தாள், என்னை விட்டால் அவளுக்கு யாரும் இல்லை. இருந்தும் மறுநாள் மாலை இலந்தை மரத்தடிக்குப் போனபோது, கல்லெறி தூரத்தில் ஒரு பெரிய கொம்பு மான் நின்றது. பழத்தை அது மெல்லுகிற சத்தம் எனக்கே கேட்டது. பாபா அந்தப் பக்கமாக முகத்தைத் திருப்பினார்.

"ஏதாவது இருக்கிறதா?"

"மாஃபி, பாபா" என்றேன். ஒன்றும் இல்லை என்று.

முகத்தை மறுபடி என் பக்கம் திருப்பினார். பிறகு, "யல்லா, வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

மகன்கள் அந்த வாரம் மரத்துக்கு மரம் கேமரா கட்டியிருந்தது எங்களுக்குத் தெரியாது. எதிரே எது அசைந்தாலும் தானாகவே படம் எடுத்து ஃபோனுக்கு அனுப்பிவிடுமாம். வியாழக்கிழமை மாலை, விருந்தாளிகளும் இருந்த அந்த அறையில், பெரிய மகன் அப்பாவின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து பக்குவமாகத்தான் ஆரம்பித்தான். இந்தப் படத்தில் நாற்காலி இருக்கிறது, நீங்கள் இருக்கிறீர்கள், எதிரிலேயே மான் நிற்கிறது, ஆனால் இலந்தைப் பக்கம் மானே இல்லை என்றீர்களே என்று கேட்டான். பிறகு ஃபோனை என் பக்கம் திருப்பினான். படத்தில் நான் மானை நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ பார்த்தாயா, இல்லையா?"

நான் வாய் திறப்பதற்குள் பாபா பேசிவிட்டார்.

"அவள் சொன்னாள். மான் நிற்கிறது என்று சொன்னாள். நான்தான், அது பக்கத்துப் பண்ணை ஆடு, உனக்கு என்ன தெரியும் என்று அதட்டினேன்."

அறையே சிரித்தது. சின்ன மகன் தொடையில் தட்டிச் சிரித்தான். பெரியவன் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து அப்பாவின் நெற்றியில் முத்தமிட்டு, "இனி நீங்கள் சிரமப்பட வேண்டாம், கேமரா பார்த்துக்கொள்ளும்" என்றான். அந்தச் சிரிப்பைவிட இந்த அன்புதான் பாபாவை அதிகமாக அடித்தது. அவர் கை நாற்காலிப் பிடியை இறுக்கியதை நான் பார்த்தேன்.

அறைக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைக்கும்போது, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அழுதுகொண்டே கேட்டேன்.

"வடக்கே கிடைத்தது என்று நீ கொடுத்த கொட்டையில் தண்ணீர் இருந்தது. மானின் வாய் இல்லை" என்றார். "அசைபோட்ட கொட்டைக்கு வேறு வாடை."

அப்படியானால் முதல் நாளே அவருக்குத் தெரியும். தெரிந்தும் மகன்களை வடக்கே அனுப்பியிருக்கிறார். தெரிந்தும் கேலியை வாங்கிக்கொண்டிருக்கிறார். எதற்காக என்று மறுபடி கேட்டேன். டாக்டர் கூடாதென்ற சர்க்கரையை நான்தான் தினமும் அவர் டீயில் கால் கரண்டி போட்டுக் கொடுப்பேன். அதைச் சொல்லிச் சமாளித்தார். "உன்னை அனுப்பிவிட்டால் புதிதாக வருகிறவள் சர்க்கரை போட மாட்டாள்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. கேமரா காட்டிய இலந்தை மரத்தடியிலேயே உட்கார்ந்து இரண்டு மான்களைச் சுட்டுக்கொண்டு வந்தார்கள். என் பொய்யால் பிழைத்தது என்று சொல்ல ஒரு மான்கூட மிஞ்சவில்லை.

பெரிய மகனிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பேன். 'பாபா சரியாகத்தான் இருந்தார், நான்தான் பொய் சொன்னேன்.' இதைச் சொல்கிற அளவுக்கு எனக்கு அரபி தெரியும். அவன் வீட்டுக்கு வருவான், அப்பாவின் பக்கத்தில் உட்காருவான், என்னைப் பார்த்துச் சிரிப்பான், போய்விடுவான். என் வாய் திறக்காது. விசாவை நினைப்பேன், மகளை நினைப்பேன். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிடுவேன்.

அஸர் தொழுகைக்குப் பிறகு, "வெளியே போகலாமா பாபா?" என்று பல நாள் கேட்டுப் பார்த்தேன். "கலாஸ்" என்பார். முடிந்தது என்று அர்த்தம். அப்புறம் டிவி அறைக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொல்வார். தெரியாத கண்ணோடு அதன் முன்னால் உட்கார்ந்திருப்பார். வியாழக்கிழமைகளில் மகன்கள் வருவார்கள், அவரவர் ஃபோனைப் பார்த்துக்கொண்டு பேசுவார்கள். அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

வெயில் ஏறியதும் எனக்கு லீவு கிடைத்தது. கிளம்புகிற அன்று காலையில்கூட பெரிய மகன் வாசலில்தான் நின்றான். பெட்டியை வண்டியில் ஏற்றவும் உதவினான். நான் நன்றி மட்டும் சொன்னேன். ஊருக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, டிரைவர் தம்பி ஃபோன் பண்ணினான்.

"அக்கா, பாபா போய்ட்டாரு. தூக்கத்துலயே போய்ட்டாரு."

நான் அழுது முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, துக்கம் விசாரிக்க வந்தவர்களைப் பற்றிச் சொன்னான். மகன்கள் அப்பாவின் பெருமைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார்களாம். கடைசியில், எதிரே நின்ற மானையே ஆடு என்று சொல்லி வேலைக்காரியை அதட்டிய கதையைச் சொல்லி, கண்ணீரோடு சிரித்தார்களாம். பாசத்தோடுதான் சொன்னார்கள், எனக்குத் தெரியும்.

நான் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. இப்போது ஷார்ஜாவில் வேறொரு குடும்பத்தில் இருக்கிறேன். பெரிய மகனின் நம்பர் இன்னும் என் ஃபோனில் இருக்கிறது, இன்றுவரை அழைக்கவில்லை. பாபாவின் பேரப்பிள்ளைகள் தங்கள் தாத்தாவைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கப்போகிற அந்தக் கடைசிக் கதை பொய் என்று சொல்ல வேண்டிய ஒரே ஆள் உலகத்தில் நான்தான் என்பது, எந்த வேலையில் இருந்தாலும் திடீரென்று நினைவுக்கு வந்து என்னை அப்படியே நிறுத்திவிடுகிறது.