பக்கத்துக் கொட்டகைக்குப் போட்ட மருந்து

கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, புனேயில் கோழிகளுக்கான தடுப்பு மருந்து விற்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தேன். எங்கள் மருந்தை வாங்கிய பண்ணைகளில் கோழிகள் நோயில் விழுந்தால் போய்ப் பார்ப்பது என் பொறுப்பு. அன்று காலை மேனேஜரே நான் தங்கியிருந்த சாங்விக்கு வந்து என்னைக் காரில் ஏற்றிக்கொண்டார்.

நகரத்துக்கு வெளியே அடுத்தடுத்து இரண்டு முட்டைக்கோழிப் பண்ணைகள். முதல் பண்ணைக்காரர் எங்கள் மருந்தைப் போட்டிருந்தார். அது உயிருள்ள வைரஸ். ஒவ்வொரு கோழிக்கும் கண்ணில் ஒரு சொட்டு விட வேண்டும். அவரோ சோம்பல்பட்டுக் குடிதண்ணீரில் கலந்துவிட்டார். பாதிக் கோழிகளுக்குத்தான் மருந்து சேர்ந்தது. அவற்றிடமிருந்து வைரஸ் மற்றவற்றுக்குத் தொற்றி, பரவப் பரவ வீரியம் ஏறி, வேலியையும் தாண்டிவிட்டது. அது மருந்து வைரஸேதான் என்று லேபில் போன வாரமே தெரிந்துவிட்டது. மேனேஜருக்கும் தெரியும்.

இரண்டாவது பண்ணையை ஓர் அம்மா நடத்திவந்தார். கோழிகள் கழுத்தை நீட்டி, வாயைப் பிளந்து மூச்சுக்குத் திணறின. கூண்டுக் கம்பியில், தீவனத்தில், முட்டையில் எல்லாம் ரத்தம் கலந்த சளி. ஒரு கோழி தலையை உதறியதில் என் கன்னத்திலும் தெறித்தது. செத்த கோழியின் மூச்சுக்குழாயை வெட்டினால் உறைந்த ரத்தம் அடைத்துக் கிடந்தது. இதெல்லாம் எனக்குப் பழக்கம்.

மேனேஜர் மூக்கில் கைக்குட்டையை வைத்தபடியே, காட்டுப் பறவைகள் கொண்டுவந்த நோய் இது என்று மராத்தியில் அந்த அம்மாவிடம் சொல்லி, எங்கள் மருந்துப் பெட்டியை எடுத்து நீட்டினார். நான் குறுக்கே கை நீட்டிப் பெட்டியை மறித்தேன்.

"பறவை கொண்டுவரலை. பக்கத்துப் பண்ணைக்கு நாங்க கொடுத்த மருந்துலேர்ந்து வந்தது. இதே மருந்துதான்," என்றேன்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"இன்னும் நோய் தொத்தாத கோழி ஒரு கொட்டகை இருக்கு. அதைக் காப்பாத்த வேற மருந்து இருக்கா?"

இல்லை. கண்ணில் முறையாகச் சொட்டு விட்டால் இதே மருந்துதான் காக்கும்; அதையும் நானே சொல்ல வேண்டியிருந்தது. அவர் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம்வரை அங்கேயே நின்று, வேலையாட்களோடு சேர்ந்து கோழிக் கண்களில் சொட்டு விட்டேன். மேனேஜர் ஏசி போட்டுக் காரில் உட்கார்ந்திருந்தார். திரும்பும் வழியில் ஒரு தாபாவில் நிறுத்திச் சிக்கன் சொன்னார். கஸ்டமரிடம் அப்படிப் பேசக்கூடாது, ஆனாலும் பாருங்கள், புதிதாக ஒரு பண்ணை கிடைத்துவிட்டது என்று எலும்பை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். நான் எழுந்து, ரோட்டுக்கு வந்து பஸ் பிடித்தேன்.

கொஞ்ச நாளில் வேலையை விட்டுவிட்டேன். அந்த ஒரு கொட்டகை பெரும்பாலும் பிழைத்தது. பக்கத்துப் பண்ணைக் கோழிகளில் அந்த வைரஸ் தங்கியிருக்கும்வரை மருந்தை நிறுத்த முடியாது என்பதால், அந்த அம்மா இன்றும் அதைத்தான் வாங்குகிறார்.