குடைக்கு வெளியே நின்றவள்

என் அத்தைக்குப் பைண்டிங் கூடத்தில் ‘பசை’ என்று பெயர். கையில் பசை காய்ந்திருக்கும் என்பதால் அல்ல, அங்கே எல்லார் கையிலும்தான் காய்ந்திருக்கும். பேச ஆரம்பித்தால் ஆளை விடமாட்டாள் என்பதால். அப்பாவின் அக்கா. கல்யாணம் முறிந்து எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்கு மூன்று வயதாம். அன்றிலிருந்து அவளுக்கும் எனக்கும் ஒரே அறை, ஒரே அலமாரி, சண்டை வந்தால் ஒரே ஜன்னல்.

அச்சடித்து வரும் பெரிய தாளை மூன்று முறை மடித்தால் பதினாறு பக்கம். அதற்குப் பாரம் என்று பெயர். காலையிலிருந்து மாலைவரை பாரம் மடிப்பதுதான் அவள் வேலை. ஒரு கையால் தாளைத் திருப்பி, மறு கையிலிருக்கும் வழவழப்பான கட்டையால் மடிப்பை ஒரே இழுப்பில் அழுத்துவாள். வீட்டில் துணி மடித்தாலும் அதே இழுப்புதான். எங்கள் தலையணை உறைகளுக்கு இஸ்திரியே தேவைப்பட்டதில்லை.

எனக்கு எட்டு வயதானபோது, அந்தக் கூடத்துக்கு ஒரு பழைய குழந்தைகள் கதை மறுபதிப்புக்கு வந்தது. எல்லா வீட்டிலும் பிள்ளைகள் படித்த கதை. மழையில் ஒரு பழங்குடையை விரித்தால் அதற்குள் ஒரு நாடு. அங்கே மழை கீழிருந்து மேலே பெய்யும், நாரைகள் விளக்கு ஏந்திக் காவல் நிற்கும். மூன்று பிள்ளைகள் உள்ளே போகிறார்கள். வெளியே ஒருவர் குடையை விரித்துப் பிடித்திருந்தால்தான் திரும்பி வர வழி இருக்கும். அந்த வீட்டு வேலைக்காரச் சிறுமி பிடித்துக்கொள்கிறாள். இது மூன்றாம் பக்கம்.

மை சிதறிய, கோணலாக விழுந்த வேஸ்ட் பாரங்களை அத்தை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து எனக்குப் புத்தகமாகத் தைத்துக் கொடுத்தாள். “நல்லத எடுத்தா திருட்டு, வீணானத எடுத்தா துப்புரவு” என்பாள். கடைசிப் பாரத்தில் மட்டும் வீணே விழவில்லை. அதனால் கதையின் முடிவை அவளே வாயால் சொன்னாள்.

பிள்ளைகள் திரும்பி வருகிறார்கள். குடை பிடித்தவள் தொப்பலாக நனைந்திருக்கிறாள். மூத்தவன் கையில் குடைக்காம்பைக் கொடுத்து, “கை வலிக்குது, கொஞ்சம் பிடிங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

“எப்ப வருவா?” என்று நான் ஒவ்வொரு முறையும் கேட்பேன்.

“வரும்போது வருவா. அவனும் கொஞ்ச நேரம் நிக்கட்டுமே.”

ஆறாம் வகுப்பில் டீச்சர் அந்தக் கதையைச் சொல்லச் சொன்னார். நான் அத்தையின் முடிவோடு சொன்னேன். வகுப்பே சிரித்தது. “எந்தப் புத்தகத்துல படிச்ச?” என்று டீச்சர் கேட்டார். பள்ளி நூலகத்துப் பிரதியை எடுத்து, நின்றபடியே கடைசிப் பக்கங்களைப் படித்தேன். பிள்ளைகள் வருகிறார்கள், குடை மூடிக்கொள்கிறது, மழை நிற்கிறது. அவ்வளவுதான். அழுதுகொண்டே வீட்டுக்குப் போய் அத்தையிடம் சொன்னேன்: “உனக்கு ஒண்ணும் தெரியாது. படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்.”

“சரி, தெரியாது” என்று சொல்லி என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு தோழிகளிடம் அவளைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஒரு பதிப்பகத்தில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தேன். சேர்ந்த வருடமே, பழைய குழந்தைக் கதைகளுக்கு இந்தக் காலத்துக்கு ஏற்ற தொடர்ச்சிகள் கொண்டுவருவது என்று முடிவானது. முதல் புத்தகம் அந்தக் குடைக் கதையின் தொடர்ச்சி. கூட்டத்தில் ஒருவர் நாரைகளை ரோபோ ஆக்கலாம் என்றார். இன்னொருவர் குடையைச் செல்போனில் விரிக்கலாம் என்றார். ஆசிரியர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “நீங்க ஒண்ணும் சொல்லலையே?”

“குடையைப் பிடிச்சிட்டு நின்னவ என்ன ஆனா, சார்?” என்றேன். பிறகு முழுவதையும் சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “இது எப்படித் தோணுச்சு உங்களுக்கு?”

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், அத்தை என்ன செய்கிறார் என்று கேட்பார்கள். “படிக்கும்போது தோணுச்சு சார்” என்றேன். தொடர்ச்சியை என்னையே எழுதச் சொன்னார். அந்த ஒரு வரிக்குக் காவலாக, ஐந்து மாதம் கழித்து முன்னுரையில் ஒரு பக்கமே எழுதினேன். கல்லூரி நூலகம், வெளியே மழை, திடீரென்று மனதில் ஒரு சிறுமி. அப்படி ஒரு மழை பெய்யவே இல்லை. படித்தவள் என்றால் எல்லாம் படிப்பிலிருந்துதான் வந்திருக்கவேண்டும் என்று யார் எனக்குச் சொன்னது? யாரும் சொல்லவில்லை என்பதுதான் இன்னும் கூசுகிறது.

எங்கள் பதிப்பகம் நான்கு பைண்டிங் கூடங்களுக்கு வேலை கொடுக்கும். அத்தையின் கூடமும் அதில் ஒன்று. புத்தகம் வேறு எங்காவது போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் அத்தை வேலையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டே சொன்னாள்:

“உன் புத்தகம் வந்திருக்குடி. ரெண்டாயிரம்.”

“பாத்தியா?”

“மடிக்கிறவ பாக்காமலா மடிப்பா?” துண்டை எடுத்து விரல் விரலாகத் துடைத்தாள். “காலேஜ் லைப்ரரில நல்ல மழையாக்கும்.”

அந்தப் பக்கத்தின் மேல் அவள் கட்டையை எத்தனை முறை இழுத்திருப்பாள் என்று மட்டும் கணக்கு ஓடியது.

“விடு, நல்லாத்தான் எழுதியிருக்க. அவ கைய மாத்தி மாத்திப் பிடிக்கிறான்னு எழுதியிருக்க பாரு, அது நான் சொல்லாதது.”

“அத்தை, உனக்கு நிஜ முடிவு தெரியாதுன்னு நெனச்சேன்.”

“கடைசிப் பாரத்த மட்டும் காத்தா வந்து மடிச்சுது? அன்னிக்கே படிச்சேன். பிடிக்கல. சின்னப் பொண்ண மழையில நிக்க வச்சிட்டு முடிச்சிட்டாங்க. அத எப்படி உன்கிட்ட சொல்றது?”

“அப்ப, உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நான் கத்தினப்போ...”

“நீ அழுதுட்டு வந்திருந்த. அப்பப் போய் எனக்குத் தெரியும்னு உன்கிட்ட மல்லுக்கு நிக்கவா?”

முன்னுரைக்குக் கீழே உண்மையைச் சொல்லி ஒரு துண்டுச்சீட்டு ஒட்டச் சொல்கிறேன் என்றேன். “வேண்டாம்டி. சீட்டு ஒட்டினா புத்தகம் படிஞ்சு உக்காராது” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனாள்.

பரீட்சை தள்ளிப்போனால் வருமே ஒரு நிம்மதி, அது வந்தது. பொய் பிழைத்துவிட்ட நிம்மதி அது என்று புரிந்தபோது, அந்த அறையில் உட்கார முடியவில்லை.

மறுநாள் ஆசிரியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “இதையே முன்னுரையா எழுதியிருக்கலாமேம்மா” என்றார். கத்தியிருக்கலாம். “சீட்டு அடிச்சுத் தரேன். ஒட்டுறது உங்க பொறுப்பு.”

சீட்டில் மூன்று வரி எழுதினேன். மேலே உள்ள முன்னுரை பொய். இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் என் அத்தை. இந்தப் புத்தகத்தை மடித்தவரும் அவர்தான். கீழே அவள் பெயர், முழுதாக.

சனிக்கிழமை காலை கூடத்துக்குப் போனேன். “வழி விடுங்கடி, பசை வீட்டுப் பட்டதாரி வருது” என்றாள் நூல் தைக்கிறவள். நான் ஒட்டிய முதல் சீட்டைப் பார்த்துவிட்டு, “நேரா ஒட்டக் காலேஜ்ல சொல்லித் தரலையா?” என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. ஒரு சீட்டை எடுத்து ஒரு முறை படித்தாள். பிறகு குப்புறக் கவிழ்த்து, பின்பக்கம் மெல்லிசாகப் பசை தடவி, என் கோணல் சீட்டை உரித்துவிட்டு அந்த இடத்தில் ஒட்டினாள்.

அவள் தடவித் தர, நான் ஒட்டினேன். இருநூறு போல முடிந்திருக்கும். தூரிகையை என் கையில் கொடுத்தாள்.

“கை வலிக்குது. கொஞ்சம் பிடி.”

குழாயில் கை கழுவினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“எங்க போறா? எப்ப வருவா?” என்று கேட்டாள் நூல் தைக்கிறவள்.

“தெரியலக்கா” என்றேன். தூரிகையைப் பசையில் தோய்த்தேன். இன்னும் ஆயிரத்து எண்ணூறு இருந்தது.