மாஹே முடிந்து, ஏனாம் முடிந்து, காரைக்கால்

எண்பதுகளின் கடைசியில் காரைக்காலில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பார்க்கிற வேலை எனக்கு. பாண்டிச்சேரி, மாஹே, ஏனாம், காரைக்கால் என்று எங்கள் யூனியன் பிரதேசத்தின் நாலு ஊரிலும் ரத்தம் கொடுக்க ஒப்புக்கொண்டவர்களின் விவரமெல்லாம் அதற்குள் இருந்தது. புரோகிராம் எழுதிய பாண்டிச்சேரி என்ஜினியர், கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நாங்களும் நம்பித் தொலைத்தோம்.

ஒருநாள் காலையில் திருவேட்டக்குடியிலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். குழந்தை பிறந்துவிட்டது, ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் வேண்டும். எங்களிடம் ஒரு பாட்டில்கூட இல்லை. தேடச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது, திரையில் ஒன்றும் வரவில்லை. அவள் புருஷன் என் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடலுக்குப் போகிற மனுஷன், திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நிறுத்தினால் முதலிலிருந்து தேட வேண்டும். ஆனால் நிறுத்தாமலே, தேடல் எந்த வழியாகப் போகிறது என்று அச்சடித்து வாங்க ஒரு வசதி உண்டு. அதைத் தட்டினேன். பிரிண்டர் கறகறவென்று காகிதத்தைத் தள்ளியது. கிழித்தெடுத்துப் படித்தேன். ரத்த வகையை அது இன்னும் பார்க்கவே ஆரம்பிக்கவில்லை. பாண்டிச்சேரிக்காரர்களைப் பெயர்வாரியாக அடுக்கி முடித்து, கேரளக் கரையில் இருக்கிற மாஹேக்குப் போயிருந்தது. அடுத்து ஆந்திரத்தில் ஏனாம். கடைசியில்தான் காரைக்கால். எல்லாரையும் அடுக்கிய பிறகுதான் யாருக்கு என்ன ரத்தம் என்று பார்க்குமாம். அடப்பாவி, இங்கே ஒருத்திக்கு உயிர் போகிறது, அது மாஹேயில் பெயர் அடுக்குகிறது.

யாரையும் கேட்கவில்லை, நிறுத்தினேன். காரைக்கால் மட்டும், ரத்த வகை முதலில் என்று மாற்றிக் கொடுத்தேன். சற்று நேரத்தில் ஒரு விலாசம் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் பின்தெரு. புருஷன் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்.

அவர் கூட்டிவந்தது ஒரு பள்ளிக்கூட டீச்சரை. மூச்சு வாங்க என் எதிரே உட்கார்ந்து, ரவிக்கைக் கையை மேலே சுருட்டிக்கொண்டார்.

"காலையிலேர்ந்து அழுகைச் சத்தம் கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சு. மதில்கிட்ட நின்னு ஒரு குரல் குடுத்திருந்தா ஓடி வந்திருப்பேனே" என்றார்.

அதற்குள் டாக்டரம்மா பிரசவ அறையிலிருந்து வெளியே வந்தார். டீச்சரின் சுருட்டிய ரவிக்கைக் கையை அவரே இறக்கிவிட்டு, இனி வேண்டாம் என்று தலையசைத்தார்.

புருஷனுக்குப் புரியவில்லை. டீச்சரின் ரத்தம் சேராது என்று நினைத்துவிட்டார். திரும்ப என் மேசைக்கு வந்து நின்றார்.

"வேற யாரும் இருக்காங்களான்னு பாருங்கம்மா" என்றார்.